மதாமுக்கு நெஞ்சு வலி

என் பணி ஓய்வு விழாவில் பேசியவர்கள் சொன்ன ஒன்றைத் திருத்தியாக வேண்டும். அன்று மேடையிலேயே திருத்த முடியவில்லை. கழுத்தில் மாலை, கையில் பழத்தட்டு. சின்ன வயதிலேயே நோயாளிகள்மேல் எனக்கு இரக்கம் சுரந்ததாம், அதனால்தான் நர்ஸ் வேலைக்கு வந்தேனாம். கேட்க நன்றாகத்தான் இருந்தது. நடந்தது வேறு. பன்னிரண்டு வயதில் நான் ஒரு பெண்மணியை, அவருக்கு இல்லவே இல்லாத இதய நோய்க்காக, பன்னிரண்டு நாள் கட்டிலில் படுக்க வைத்தேன். எல்லாம் அங்கே தொடங்கியது.

ஏழாம் வகுப்பில் என் பெஞ்சிலும் பின் பெஞ்சிலும் இருந்த உங்களுக்காக இதை எழுதுகிறேன். உங்களில் ஒருத்திக்கு இதில் முக்கியமான வேடம் உண்டு. அவளுக்கே அது தெரியாது. பொறுத்திருக்கட்டும்.

தேதி விஷயத்தில் நான் எப்படிப்பட்டவள் என்று உங்களுக்குத் தெரியும். நம் குழுவில் யாராவது பழைய படத்தைப் போட்டால், "அது அந்த வருஷமில்லை" என்று முதலில் வந்து நிற்பவள் நான். ஆனால் இந்தக் கதைக்கு ஆதாரமான நாற்பது பக்க நோட்டு இப்போது என்னிடம் இல்லை. ஒரு மழைக்காலத்தில் கரையானுக்குப் போய்விட்டது. நோட்டைப் பார்க்காமல் தேதி எழுத எனக்குக் கை வராது. ஆகையால் கிழமைகளுக்கு மட்டும் பொறுப்பேற்கிறேன். நாள்களை ஜூலை பதினான்கிலிருந்து பின்னோக்கி எண்ணிக்கொண்டேன். பிரெஞ்சுக்காரர்களின் தேசிய நாளை நம் ஊரில் யாரும் மாற்ற முடியாது அல்லவா?

அப்போது நாங்கள் உப்பளம் பகுதியில் குடியிருந்தோம். தெருவில் பாதிப் பேர் துறைமுகத்து வேலைக்காரர்கள். காலையில் கதவைத் திறந்தால் உப்புக் காற்றோடு கயிற்றுத் தார் வாசனையும் வரும். எதிர்வீடு சொல்தா வீடு. பிரெஞ்சு ராணுவத்தில் இருந்துவிட்டுப் பென்ஷன் வாங்குகிறவரை நம் ஊரில் சொல்தா என்றுதானே சொல்வோம். அவர் சைகோனில் வேலை பார்த்தபோது அந்த ஊர்ப் பெண்ணையே கல்யாணம் செய்துகொண்டு வந்தவர். தெரு அந்த அம்மாவை மதாம் என்றது. என் அம்மாவுக்கு அது மரியாதை போதாத சொல்லாகப் பட்டதால் மதாமம்மா என்று கூப்பிடுவாள்.

மதாமுக்குத் தமிழில் மார்க்கெட்டுக்குப் போதுமான அளவு வரும். எவ்ளோ, வேணாம், போதும், நாத்தம். மீன்காரியிடம் இந்த நான்கு சொற்களை வைத்துக்கொண்டு அவர் பேரம் பேசுவதைப் பார்க்கத் தெருப்பெண்கள் கூடை எடுத்துக்கொண்டு உடன் போவார்கள். மற்றதெல்லாம் பிரெஞ்சு. அதைக் கேட்டுப் பதில் சொல்லச் சொல்தா இருந்தார். அந்த ஆண்டு மே மாதக் கடைசியில் அவர் கண் ஆபரேஷனுக்காகப் பாரிசுக்குப் போய்விட்டார். ஒரு கண்ணில் பார்வை ஏற்கெனவே போயிருந்தது. இன்னொன்றைக் காப்பாற்ற இரண்டு வருஷம் காத்திருந்து வாங்கிய நாள் அது, ஜூலை இரண்டாம் வாரம். மதாம் ஒரு கண்ணைப் பொத்தி, விரலால் காலண்டரைத் தொட்டு எனக்கு இதை விளக்கியிருந்தார்.

ஆக, எங்கள் தெருவில் பிரெஞ்சு தெரிந்த ஒரே ஆள் நான்தான். ஆறாம் வகுப்பில் ஒரு வருஷம், ஏழாம் வகுப்பில் இரண்டு வாரம்.

எதிர்வீட்டுக்கு நான் அன்றாடம் போனதற்கு ஒரு காரணம் தபால்தலை. சொல்தா வாரம் இரண்டு கடிதம் போடுவார். செவ்வாயும் வெள்ளியும் வந்துசேரும். உறையை ஆவியில் காட்டித் தபால்தலையைப் பிரித்து மதாம் எனக்குத் தருவார். நான் அதை நோட்டில் ஒட்டி, கீழே கிடைத்த நாளை எழுதி வைப்பேன்.

ஒரு செவ்வாய்க்கிழமை பள்ளி விட்டு வந்து நுழைந்தேன். மதாம் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தார். முகம் நனைந்த காகிதம்போல இருந்தது. என்னைப் பார்த்ததும் மெல்லிய குரலில், "மால் ஓ கேர்" என்றார்.

உங்களுக்கு அந்தப் பாடம் நினைவிருக்கிறதா? உடல் உறுப்புகள். தலை, கை, கால், வயிறு, எல்லாவற்றுக்கும் படம். நடுவில் சிவப்பாக ஓர் இதயம், அதன் பக்கத்தில் கேர் என்ற சொல். மால் என்றால் வலி. அதற்கு முந்தைய வாரம்தான் நூற்றுக்கு எண்பத்தெட்டு வாங்கியிருந்தேன். ஒரு நொடிகூடத் தாமதிக்காமல் தெருவுக்கு ஓடி வந்து கத்தினேன்.

"அம்மா! மதாமுக்கு நெஞ்சு வலி!"

அம்மா அடுப்பில் இருந்ததை அப்படியே விட்டுவிட்டு ஓடி வந்தாள். அடுத்த வீட்டுக் கம்பவுண்டர் மாமா லுங்கியை மடித்துக் கட்டியபடி வந்தார். அவர் டாக்டர் ஒருவரின் கிளினிக்கில் மருந்து கலக்குகிறவர். அந்த டாக்டர் மகள் கல்யாணத்துக்காக மெட்ராசுக்குப் போயிருந்தார். அதனால் அந்த மூன்று வாரம் எங்கள் தெருவுக்கு டாக்டரும் அவர்தான்.

"இன்னா சொல்றாங்கடி?" என்றாள் அம்மா.

"நெஞ்சுல வலிக்குதாம்."

"நல்லாக் கேட்டியா பாப்பா?" என்றார் கம்பவுண்டர் மாமா.

"கேர்னா இதயம் மாமா. புஸ்தகத்துல படமே இருக்கு."

அத்தனை பெரியவர்களும் என் வாயைப் பார்த்துக்கொண்டு நின்றது அதுவே முதல் தடவை. அந்த ருசியை நான் மறைக்க விரும்பவில்லை. ஒரு மணி நேரத்தில் மதாம் தெளிந்து எழுந்து இஞ்சியும் எலுமிச்சைப்புல்லும் போட்டு வெந்நீர் குடித்துவிட்டுத் துணி உலர்த்தப் போய்விட்டார். பெரிய ஆஸ்பத்திரிக்குக் கூப்பிட்டதற்குச் சிரித்துக்கொண்டே, "வேணாம், போதும்" என்றார்.

வெள்ளிக்கிழமை மறுபடியும் வந்தது. அதே வெளுப்பு, அதே சொல். இந்தத் தடவை கம்பவுண்டர் மாமா நாடி பிடித்துப் பார்க்கையில் மதாமின் பின்கழுத்தைக் கவனித்துவிட்டார். கழுத்திலிருந்து தோள்வரை சிவப்புச் சிவப்பாக நீளக் கோடுகள்.

"ரத்தக் கொழா பூரா உப்பியிருக்குது பாருங்க," என்று தணிந்த குரலில் சொன்னார். பெண்கள் வாயில் சேலைத் தலைப்பை வைத்துக்கொண்டார்கள்.

அந்தக் கோடுகள் பீங்கான் கரண்டியால் வந்தவை. உடம்பு சரியில்லை என்றால் தைலம் தடவிக் கரண்டி விளிம்பால் கழுத்திலும் முதுகிலும் வழிப்பது சைகோன் பக்கத்துக் கைவைத்தியம். கரண்டி அலமாரி மேலேயே இருந்தது, தைல வாசனையோடு. நான் அதைப் பார்த்திருந்தேன். ஆனால் யாரும் என்னைக் கேட்கவில்லை. மொழிபெயர்ப்பாளினியாகிய நானோ, கேட்காததைச் சொல்லும் நிலையில் இல்லை.

சனிக்கிழமை காலை மதாமைப் படுக்க வைத்தார்கள். உள்ளறைக் கட்டிலைக் கூடத்து ஜன்னலோரம் இழுத்துப் போட்டு, கம்பவுண்டர் மாமா சட்டம் போட்டார். மாடிப்படி கூடாது. மார்க்கெட் கூடாது. உப்பு கூடாது. கறுப்புப் பாட்டிலில் இருந்த மீன் சாறு, அதாவது மதாம் எதிலும் நாலு சொட்டு விடும் அந்த உப்பு ரசம், எங்கள் வீட்டுப் பரணுக்கு இடம் மாறியது. தெருப்பெண்கள் முறை வைத்துக்கொண்டு உடன் இருந்தார்கள்.

கட்டிலை இழுத்தபோது மதாம் எல்லோர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு என் கையைப் பிடித்து, பணிவாக ஒரு கேள்வி கேட்டார். "செ லா கூத்தூம்?"

அதில் எனக்குக் கூத்து மட்டும் பிடிபட்டது. திரௌபதி அம்மன் கோயிலில் அப்போது கூத்து நடந்துகொண்டிருந்தது. மேளச் சத்தம் எங்கள் தெருவரைக்கும் கேட்கும். பாவம், படுக்கையில் கிடக்கப்போகிறவர், கூத்தைப் பற்றி விசாரிக்கிறார் என்று நினைத்துக்கொண்டேன். "வீ, மதாம்! வீ, வீ!" என்று உற்சாகமாகத் தலையாட்டினேன். எத்தனை நாள் என்பதையும் சொல்லிவிடுவோம் என்று பத்து விரலைக் காட்டினேன். பிறகு எட்டு விரல்.

மதாம் பெருமூச்சு விட்டார். தலையசைத்தார். செருப்பைக் கழற்றி ஒழுங்காகச் சேர்த்து வைத்துவிட்டுக் கட்டிலில் ஏறிப் படுத்துக்கொண்டார்.

"பாத்தியா, சொன்னா புரிஞ்சுக்குறாங்க," என்றாள் அம்மா பெருமையாக.

அந்த நாள்களை நினைத்தால் எனக்கு இப்போதும் சிரிப்பு வருகிறது. அம்மா கட்டிலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து கீரை ஆய்ந்துகொண்டே தமிழில் தன் நாத்தனாரைப் பற்றிச் சொல்வாள். மதாம் ஜன்னலைப் பார்த்துக்கொண்டே பிரெஞ்சில் எதையோ சொல்வார். இருவரும் சரியான இடத்தில் "ம்" கொட்டுவார்கள், சரியான இடத்தில் உச்சுக் கொட்டுவார்கள். ஒரு நாள் இருவர் கண்ணும் கலங்கியிருந்தது. எதற்கென்று கேட்டேன். "அவங்க நாத்தனாரும் அப்படித்தானாம்," என்றாள் அம்மா. மதாமுக்கு நாத்தனாரே கிடையாது.

உப்பில்லாக் கஞ்சியை மதாம் கண்ணை மூடிக்கொண்டு குடிப்பார். காலைக் கஞ்சி முடிந்ததும் சுவரில் பென்சிலால் ஒரு கோடு கிழிப்பார். சாப்பாட்டுக் கணக்கு என்று நினைத்தோம்.

நோய் மட்டும் படுக்கைக்கு அசையவில்லை. அடுத்த செவ்வாய் வந்தது. வெள்ளி வந்தது. அதற்கடுத்த செவ்வாயும் வந்தது. மொத்தம் ஐந்து தடவை. ஒவ்வொரு தடவையும் நான் நோட்டின் பின்பக்கத்தில் குறித்து வைத்தேன்: கிழமை, நேரம், என்ன சாப்பிட்டார். யாரும் சொல்லிச் செய்ததில்லை. வைத்துக்கொள்ள வேண்டும்போல இருந்தது.

ஐந்தாவது தடவையோடு கம்பவுண்டர் மாமா முடிவுக்கு வந்துவிட்டார். "இனிமே நம்ம கையில இல்ல. நாளைக்கி சாயங்காலம் அஞ்சரைக்கி கிளினிக்க சாத்திட்டு அப்படியே தந்தி ஆபீசுக்குப் போறேன். அவரு வந்து பாத்துக்கட்டும்."

"ஆபரேஷன் இருக்குதே," என்றாள் அம்மா.

"கண்ணு பெருசா, பொண்டாட்டி உசுரு பெருசா?"

தந்தி போனால் சொல்தா அடுத்த விமானத்தில் ஏறிவிடுவார். அதில் யாருக்கும் சந்தேகம் இல்லை. மதாமைக் காப்பாற்ற அவர் கண்ணைக் கொடுத்தாலும் தகும் என்றுதான் அன்றிரவு நானும் நினைத்தேன்.

மறுநாள், புதன்கிழமை. மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு பிரெஞ்சு வகுப்பு. இனி உங்களில் ஒருத்தியின் வேடம். பெயர் சொல்ல மாட்டேன். பள்ளிச் சுவருக்குப் பின்னால் கிடைத்த மாங்காயை மிளகாய்த்தூள் தொட்டு, ஆறோ ஏழோ துண்டு என்று அவள் சொன்னாள், நான் பன்னிரண்டு எண்ணினேன், தின்றுவிட்டு வந்தவள் கரும்பலகைக்குக் கீழே எல்லாவற்றையும் திருப்பிக் கொடுத்தாள். டீச்சர் சேலையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு அவள் முதுகைத் தடவினார். வகுப்பில் பிரெஞ்சு தவிர வேறு பேசாதவர் அல்லவா, அதிலேயே கேட்டார். அதன் கடைசி மூன்று சொல் என் காதில் விழுந்தது. மால் ஓ கேர்.

நான் எழுந்து நின்றேன். "டீச்சர், அவளுக்கு நெஞ்சு வலி இல்ல டீச்சர். வாந்தி."

டீச்சர் அபூர்வமாகத் தமிழுக்கு இறங்கி வந்தார். "அதத்தான் நானும் சொன்னேன். மால் ஓ கேர்னா கொமட்டல்."

"கேர்னா இதயம்தானே டீச்சர்?"

"ஏன், நீ நெஞ்சக் கரிக்குதுன்னு சொல்லுவியே, நெஞ்சா கரியுது? வயித்துல இருக்குறதுதானே மேல வருது? அவங்க பாஷையில அப்படி. உக்காரு."

எல்லோரும் சிரித்தீர்கள். நான் உட்காரவில்லை என்றும், டீச்சர் இரண்டாம் தடவை சொன்ன பிறகே உட்கார்ந்தேன் என்றும் உங்களில் யாருக்காவது நினைவிருக்கலாம். ஐந்தரை மணிக்குத் தந்தி.

மணி அடித்ததும் ஓடினேன். பை முதுகில் அடிக்க அடிக்க, உப்பளம்வரை எங்கும் நிற்கவில்லை. வழியெல்லாம் ஒரே யோசனை. உண்மையைச் சொன்னால், தெருவே வாய் பார்த்த அந்தப் பெருமை போய்விடும். சொல்லாமலிருந்தால் ஒருவருக்குக் கண் போய்விடும். இதை யோசிக்க வேண்டியிருந்ததே என்று இப்போது வெட்கமாக இருக்கிறது. ஆனால் யோசித்தேன். கடைசித் திருப்பம்வரை யோசித்தேன்.

அம்மாவிடம் சொன்னதும், "ரெண்டு வாரமா நெஞ்சு நெஞ்சுன்னு நீதானடி சொன்ன?" என்றாள்.

"தப்பாச் சொல்லிட்டேம்மா."

"போ, போயி மாமாகிட்ட சொல்லு. என்னால அவரு மொகத்துல முழிக்க முடியாது."

கம்பவுண்டர் மாமா கிளினிக் வாசலில் சைக்கிளுக்குக் காற்றடித்துக்கொண்டிருந்தார். சட்டைப் பையில் தந்திப் படிவம் நீட்டிக்கொண்டிருந்தது. மனைவிக்கு இதய நோய், உடனே வரவும் என்பதை ஐந்து ஆங்கிலச் சொற்களில் அடக்கியிருந்தார். நான் மூச்சு வாங்க எல்லாவற்றையும் சொன்னேன்.

அவர் பம்பை நிறுத்தவில்லை. "பள்ளிக்கூடத்து பிரெஞ்சு வேற, சைகோன் பிரெஞ்சு வேற பாப்பா."

"இல்ல மாமா. கொமட்டலுதான்."

"கொமட்டலா? செவ்வாக்கெழம செவ்வாக்கெழம, வெள்ளிக்கெழம வெள்ளிக்கெழம வருதே. கொமட்டலுக்குக் கெழம தெரியுமா?"

அவர் கேலியாகத்தான் கேட்டார். ஆனால் என் தலைக்குள் ஏதோ ஒன்று நின்றது. கிழமை. நான் அங்கேயே பையைக் கவிழ்த்து நோட்டை எடுத்தேன். பின்பக்கம்: செவ்வாய், வெள்ளி, செவ்வாய், வெள்ளி, செவ்வாய். முன்பக்கம், தபால்தலைகளுக்குக் கீழே: செவ்வாய், வெள்ளி, செவ்வாய், வெள்ளி, செவ்வாய்.

"மாமா, அஞ்சு நிமிஷம். போயிடாதீங்க. சத்தியமா அஞ்சு நிமிஷம்."

"அஞ்சரைக்கி கெளம்பிடுவேன்," என்றார் அவர்.

மதாம் கட்டிலில் உட்கார்ந்து சுவர்க் கோடுகளை எண்ணிக்கொண்டிருந்தார். பன்னிரண்டு. நான் எதிரே நின்றேன். எனக்குத் தெரிந்த பிரெஞ்சில், அதுவரை அவரிடம் நான் கேட்டிராத ஒரு சொல் இருந்தது. எண்பத்தெட்டு மார்க் வாங்கிய தேர்விலேயே அது வந்திருந்தது.

"மால் ஓ கேர். கான், மதாம்?" எப்போது?

மதாம் என்னை உற்றுப் பார்த்தார். இத்தனை நாளில் யாரும் அவரை அதைக் கேட்டிருக்கவில்லை. கையை விரித்து, கடிதத்தைப் பிரிப்பதுபோலக் காட்டினார். கண் இடமிருந்து வலமாக ஓடியது. பிறகு தலையணைக்கு அடியில் கைவிட்டு, கொஞ்சம் கூச்சத்தோடு இரண்டு மூக்குக்கண்ணாடிகளை எடுத்தார். ஒன்று அவருடையது. சில்லு நடுவில் விரிசல்விட்டு, ஒரு கால் இல்லாமல். அதன்மேல் உட்கார்ந்துவிட்டதை நடித்துக் காட்டினார். மற்றது சொல்தா விட்டுப்போன பழைய கண்ணாடி. கறுப்புச் சட்டம், சோடா புட்டி அடிப்பக்கம்போலக் கனத்த சில்லு.

யாரும் பக்கத்தில் இல்லாத நேரம் பார்த்து, கணவரின் கடிதத்தைக் கணவரின் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு படித்திருக்கிறார். ஒவ்வொரு கடிதமும் ஆறு பக்கம்.

எனக்குள் அப்போது ஏற்பட்டதை என்னவென்று சொல்வது? கணக்குக்கு விடை வந்தால் வரும் சந்தோஷம் எனக்குப் பழக்கம்தான். இது அதுபோல இல்லை. இந்த விடைக்கு ஒரு முகம் இருந்தது, எனக்கு எதிரே உட்கார்ந்து என்னைப் பார்த்துக்கொண்டிருந்தது. ஒருவரிடம் சரியான ஒரு சொல்லைக் கேட்டால் அவரே தன் நோயைத் தலையணைக்கு அடியிலிருந்து எடுத்துத் தந்துவிடுகிறார்! வாழ்நாள் முழுக்க இதையே செய்துகொண்டிருக்கலாம் என்று தோன்றியது. நர்ஸ் என்ற சொல்லெல்லாம் பிறகு வந்தது.

கறுப்புக் கண்ணாடியை எடுத்துக்கொண்டு ஓடினேன். கம்பவுண்டர் மாமா சைக்கிளில் ஒரு காலைத் தூக்கிப் போட்டிருந்தார்.

"மாமா, இதப் போட்டுக்கினு தந்தியப் படிங்க."

"இன்னா வெளையாட்டு இது?"

"ஒரே ஒரு தடவ மாமா!"

போட்டுக்கொண்டார். படிவத்தை எடுத்தார். முதல் சொல், இரண்டாம் சொல். படிவத்தை மூக்கருகே கொண்டுவந்தார், தள்ளிப் பிடித்தார். நெற்றியில் வியர்வை அரும்பியது. சைக்கிள் மெல்ல ஒரு பக்கமாகச் சாய்ந்தது.

"யம்மா... தெரு சாயுதே," என்றார். "வயித்தப் பொரட்டுதே!"

"மால் ஓ கேர், மாமா!" என்று கத்தினேன்.

அவர் கண்ணாடியைக் கழற்றி, கிளினிக் படியில் உட்கார்ந்து, தலையைக் குனிந்துகொண்டார். கோபிப்பார் என்று நினைத்தேன். தோள் குலுங்கியது. சிரித்துக்கொண்டிருந்தார். படிவத்தை நாலாக மடித்து என் நோட்டுக்குள் செருகினார்.

"இருந்தாலும் டாக்டரு கையால பாக்காம நான் உட மாட்டேன்," என்றார் எழுந்துகொண்டே. ஆனால் அன்று சாயங்காலமே மதாமைக் கட்டிலிலிருந்து எழுப்பிவிட்டார்கள்.

வெள்ளிக்கிழமை டாக்டர் ஊர் திரும்பினார். குழாயை வைத்து நெடுநேரம் கேட்டார். அழுத்தம் பார்த்தார். "இந்தம்மா இதயம் உன்னோடதவிட நல்லா இருக்குதுய்யா," என்று கம்பவுண்டர் மாமாவிடம் சொன்னார். அன்று தெரு முழுவதும் அவரைக் கேலி செய்தது. நானும் செய்தேன். பல வருஷம் கழித்து அம்மா சொல்லித்தான் எனக்குத் தெரியும். அவருடைய அண்ணனுக்கு நெஞ்சு வலி வந்தபோது எல்லோரும் வாய்வு, வாய்வு என்று சுக்குத் தண்ணீர் கொடுத்துக்கொண்டிருந்தார்களாம். ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியிலேயே அவர் போய்விட்டார். நெஞ்சு என்ற சொல்லைக் கேட்ட பிறகு அந்த மனிதரால் வேறெதையும் கேட்டிருக்க முடியாது. அவரும் ஒரு சொல்லைத்தான் தவறாக எடுத்துக்கொண்டார். என்னைவிட நியாயமான காரணத்தோடு.

மதாமுக்குப் புதுக் கண்ணாடி ஒரு வாரத்தில் வந்தது. பரணிலிருந்து மீன் சாறு இறங்கியது. பாட்டிலில் அளவு குறைந்திருந்தது. அன்றுமுதல் எங்கள் வீட்டு மீன் குழம்புக்குத் தனி ருசி வந்துவிட்டதை அப்பா மட்டும் கவனித்தார். காரணத்தை அவர் கேட்கவில்லை, அம்மா சொல்லவில்லை. சொல்தாவுக்கு ஆபரேஷன் குறித்த நாளிலேயே நடந்தது. ஆகஸ்டில் வந்து இறங்கியவர், தெருமுனையிலிருந்தே என்னை அடையாளம் கண்டுகொண்டு கையசைத்தார். நான் பெற்ற பரிசுகளில் அந்தக் கையசைப்பைத்தான் முதலில் சொல்வேன்.

நான் வேலை பார்த்த முப்பத்துச் சொச்சம் ஆண்டுகளில், டாக்டர்களுக்கு என்மேல் ஒரே ஒரு மனக்குறை உண்டு. நோயாளி சொன்ன சொல்லை அப்படியே சீட்டின் முதல் வரியில் எழுதிவிடுவேன். "மேலெல்லாம் மதமதங்குது." "அடிவயித்துல என்னமோ உருளுது." "தலைக்குள்ள காத்தாடி சுத்துது." அதற்குக் கீழே, எப்போது, எந்தக் கிழமை, அதற்கு முன் என்ன செய்துகொண்டிருந்தீர்கள். அதன் பிறகே மருத்துவப் பெயர். கடைசிப் பத்து வருஷம் நான் இருந்த இடத்தில் ஆங்கில மருத்துவரும் சித்த மருத்துவரும் உடற்பயிற்சி சொல்லித்தருகிறவரும் பக்கத்துப் பக்கத்து அறைகளில் இருந்தார்கள். மூன்று பேரும் தத்தம் பாஷை பேசினார்கள். என் முதல் வரியை மட்டும் மூன்று பேரும் படித்தார்கள். நோய் உடம்பை மட்டும் தனியே பிடிப்பதில்லை. தபால்காரர் வரும் கிழமையையும் சேர்த்துப் பிடிக்கிறது. எனக்குத் தெரிந்த வைத்தியம் இவ்வளவுதான்.

இன்னும் ஒன்று பாக்கி. என் தவறை மதாமிடமே நான் சொல்லியிருக்கவில்லை.

ஜூலை பதின்மூன்று, சனிக்கிழமை, சாயங்காலம். பதினான்காம் தேதிக்கு முந்தின நாள் காகித விளக்குகளைத் தூக்கிக்கொண்டு ஊர்வலம் போவார்களே, அதற்குக் கிளம்பும் முன் மதாம் தெருவுக்கே விருந்து வைத்தார். இறைச்சியும் சேமியாவும் வைத்துச் சுருட்டிய நேம் எண்ணெயில் பொரிந்துகொண்டிருந்தது. நம் பிரெஞ்சு டீச்சரையும் நான் அழைத்திருந்தேன். அவர் உதவியோடு நான்கு வாக்கியம் தயார் செய்து மனப்பாடம் பண்ணியிருந்தேன். மதாம் முன்னால் போய் நின்று, கையைக் கட்டிக்கொண்டு ஒப்பித்தேன். நீங்கள் குமட்டல் என்றீர்கள். நான் இதய நோய் என்று சொல்லிவிட்டேன். அதனால்தான் உங்களைக் கட்டிலில் படுக்க வைத்தார்கள். என்னை மன்னித்துவிடுங்கள்.

மதாம் ஜல்லிக் கரண்டியைக் கீழே வைத்தார். புதுக் கண்ணாடியைத் தூக்கி நெற்றியில் விட்டுக்கொண்டு, டீச்சரைப் பார்த்து ஏதோ கேட்டார். அதில் மறுபடியும் கூத்து வந்தது.

டீச்சருக்கு முகம் என்னவோபோல ஆகிவிட்டது. உதட்டைக் கடித்துக்கொண்டு சொன்னார். "அப்ப அது வழக்கம் இல்லையான்னு கேக்குறாங்க."

"எது வழக்கம்?" என்றாள் அம்மா.

"புருஷன் கடல் தாண்டிப் போயிருந்தா பொண்டாட்டி உப்பில்லாமக் கட்டில்ல படுத்துக் கெடக்கணும்னு இந்த ஊருல ஒரு வழக்கம்னு நெனச்சாங்களாம். இந்தப் பொண்ணுகிட்டயே கேட்டாங்களாம். ஆமாம், பதினெட்டு நாளுன்னு வெரல வெச்சிக் காட்டுச்சாம். ஊரு வழக்கத்த மதிக்கணுமேன்னு வாயத் தெறக்காமப் படுத்திருந்தாங்களாம். பன்னெண்டாம் நாளே எழுப்பி உட்டுட்டீங்களே, சாமி குத்தம் ஆயிடுமோன்னு பத்து நாளா பயமாம்."

கூத்தூம் என்றால் வழக்கம்.

முதலில் மதாம்தான் சிரித்தார். மூக்கால் தொடங்கி, வாயைப் பொத்தி, பொத்த முடியாமல், சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். சுவரில் அந்தப் பன்னிரண்டு பென்சில் கோடுகள் இன்னும் இருந்தன. அவற்றைப் பார்த்ததும் சிரிப்பு இன்னும் அதிகமாயிற்று. ததும்பிய கண்ணீரோடு குனிந்து, கையை மார்பில் வைத்து, பிறகு அதைக் கீழே இறக்கிக்கொண்டே என்னிடம் ஏதோ சொன்னார். மால் என்று தொடங்கியது. மீதி எனக்குப் புதுச் சொல்.

"இன்னா சொல்றாங்கடி?" என்றாள் அம்மா.

தெரு முழுவதும் என்னைப் பார்த்தது. டீச்சரும் வேண்டுமென்றே வாயை மூடிக்கொண்டு என்னைப் பார்த்தார். நான் அவசரப்படவில்லை. எங்கே என்று கேட்டேன். மதாம் வயிற்றைத் தொட்டார். எப்போது என்று கேட்டேன். மதாம் என்னைச் சுட்டிக்காட்டினார், சுவரைச் சுட்டிக்காட்டினார், மறுபடி சிரித்தார்.

"சிரிச்சி சிரிச்சி வயிறு வலிக்குதாம்மா," என்றேன்.

"நிச்சயமா?" என்றார் கம்பவுண்டர் மாமா.

"நிச்சயமா மாமா."

அவர் தலையாட்டினார். தட்டில் இருந்த நேமைக் கீழே வைத்தார், எண்ணெய்க் கையைத் துண்டில் துடைத்துக்கொண்டார். "எதுக்கும் இருக்கட்டும்," என்று சொல்லி, சிரித்துக் குலுங்கிக்கொண்டிருந்த மதாமின் மணிக்கட்டைப் பிடித்து நாடி பார்த்தார்.